பன்னிரண்டு பேர், ஒரு விசில்

“ஆளரவமற்ற மலை. மனிதக் கால் படாத பாதை. மார்கழிக் குளிரில் 3 நாள். 12 பேருக்கு மட்டும். முந்துங்கள்!”

சில வருஷங்களுக்கு முன், ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஒரு விடிகாலையில், இந்தச் செய்தி என் செல்போனில் வந்து விழுந்தது. அனுப்பியவர் கமிஷன் கடைக்காரர். எனக்கு மாப்பிள்ளை முறை. “ஒரு ஆள் குறையுது மாப்ள. உனக்கும் சேத்துக் காசு கட்டிட்டேன். நீதான் எழுதுற ஆளாச்சே, வந்து பாத்துட்டு நாலு வரி எழுது” என்றார். போனேன், பார்த்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. மாப்பிள்ளை மன்னிக்க வேண்டும்.

மனிதக் கால் படாமல் ஒன்று எப்படி ஐயா பாதையாகும்? காற்று வந்து கல்லைப் புரட்டிப் படி கட்டியதா? தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டுத்தான் இருக்கிறது. பட்ட கால்களில் செருப்பு இல்லை, அவ்வளவுதான். செருப்பில்லாத கால் விளம்பரக்காரன் கணக்கில் கால் ஆகாது போலிருக்கிறது.

கிளம்புமுன் ஆளுக்கொரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். வழுக்கி விழுந்தாலும், காட்டெருமை முட்டினாலும், அட்டை கடித்தாலும், நெஞ்சு வலித்தாலும் கம்பெனி பொறுப்பல்ல. “பின்னே எதுக்குத்தான் தம்பி கம்பெனி பொறுப்பு?” என்று கேட்டேன். “எக்ஸ்பீரியன்ஸுக்கு சார்” என்றான் வழிகாட்டி. சென்னைப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் விசில், நெற்றியில் விளக்கு. மலையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் போட்டோ எடுக்க எந்தப் பாறை தோது என்பதுதான். அதை மட்டும் பிசகில்லாமல் சொன்னான்.

இதே மார்கழி முடிந்து தை பிறந்தால், எங்கள் ஊர் வழியாகப் பழனிக்கு லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்கள். வெறுங்கால், ராத்திரிப் பனி, தோளில் காவடி. யாரும் விசில் ஊதுவதில்லை, யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. வழியெல்லாம் சனங்கள் சுக்குக் காப்பி கொடுக்கிறார்கள். ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. கால் வலிக்குது என்றுதான் சொல்கிறார்கள். தலைக்கு 9,500 ரூபாய் கட்டி நடக்கப்போகும் பன்னிரண்டு பேரில் ஒருவனாக வேனில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கால்கள்தான் நினைவில் வந்தன.

வேன் வடகாடு தாண்டி, பரப்பலாறு அணையைத் தாண்டி, பாச்சலூருக்கு ஏறியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் விசில் ஊதி நிறுத்தி, “இதோட நாகரிகத்துக்கு டாட்டா சொல்லிருங்க” என்றான் பையன். பன்னிரண்டு பேரும் கை தட்டினோம். தட்டிக்கொண்டிருந்தபோதே எதிரில் ஒரு மினி லாரி வந்து ஒதுங்க இடமில்லாமல் நின்றது. மேலிருந்து கீழே போகும் வண்டி. சவ்சவ், பீன்ஸ், வாழைத்தார். மூட்டையின் மேல் எழுதியிருந்த எழுத்தை மாப்பிள்ளை எட்டிப் படித்தார். “அட, நம்ம கடைக்கு வர்ற லோடு!”

இருபத்திரண்டு வருஷமாக இந்த மலையின் மூட்டைகளை எடை போட்டு, கழிவு பிடித்து, கமிஷன் எடுத்துப் பெரும்பங்கைக் கேரளாவுக்கு ஏற்றி அனுப்புகிறவர் அவர். அவர் வீட்டு மாடி பீன்ஸில் எழும்பியது. பிள்ளையின் இன்ஜினியரிங் படிப்பு சவ்சவ்வில் முடிந்தது. இத்தனைக்கும் இந்த மலையில் ஒரு நாள் ஏறியதில்லை. நாகரிகத்துக்கு டாட்டா காட்டிய இடத்திலிருந்துதான் அவர் வீட்டு நாகரிகம் முழுக்க இறங்கி வந்துகொண்டிருந்தது. வேனில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. லாரி டிரைவர் மட்டும் சிரித்தார். “என்னண்ணே, குளுருக்கு வந்தீங்களா? நல்லா அனுபவிங்க.”

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை, கொடைக்கானல், அப்புறம் மன்னவனூர்ப் பக்கம் கூடாரம். குளிரைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வருஷா வருஷம் செய்கிறார்கள். மார்கழி பிறந்ததும் ‘வெள்ளைக் கம்பளம் விரித்தாற்போல்’ என்று ஒரு நிருபர் தொடங்குவார். ‘மினி காஷ்மீர்’ என்று இன்னொருவர் முடிப்பார். அந்தக் கம்பளத்தை எத்தனை வருஷமாகத்தான் விரிப்பார்களோ, இன்னும் நைந்துபோகவில்லை.

விடியுமுன் விசில். புல்லெல்லாம் உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் பூமி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். பள்ளத்தில் குளிர் தேங்கும். இலைமேல் பனி உறையும். அந்தக் குளிர் உள்ளே இறங்கினால் இலைக்குள் இருக்கும் நீரும் உறைந்து அதன் அறைகளைச் சிதைக்கும். வெயில் ஏறினதும் இலை வெந்த கீரைபோலத் துவண்டு, மத்தியானத்துக்குள் கறுத்துப்போகும். ‘பனி கருக்கிருச்சு’ என்று சம்சாரி சொல்வது இதைத்தான்.

கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஓர் உருளைக்கிழங்குக் காடு. செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று மின்னிக்கொண்டிருந்தது. ஓர் அம்மா, தலையில் முக்காடு, கையில் தண்ணீர்க் குழாய். வெயில் படுவதற்குள் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைத்துவிட்டால் செடி பிழைத்தாலும் பிழைக்கும். எட்டு வைத்து எட்டு வைத்து அடித்துக்கொண்டு வந்தார். எங்கள் கோஷ்டியில் ஒரு பெண்மணி ஓடினார்.

“அக்கா, அக்கா! தண்ணி அடிக்காதீங்க ப்ளீஸ். பத்தே நிமிஷம். சூரியன் வரட்டும், ஒரு வீடியோ எடுத்துக்கறோம்.”

அந்த அம்மா குழாயைத் தாழ்த்தினார். எங்கள் பன்னிரண்டு பேரையும், பன்னிரண்டு செல்போன்களையும் ஒரு தடவை பார்த்தார். “எடுத்துக்கங்கம்மா. அப்படியே கெழங்கையும் நீங்களே எடுத்துக்கங்க. எங்களுக்கு இனி என்னத்துக்கு?” என்று சொல்லிவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினார். பெண்மணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. “லோக்கல்ஸ் கொஞ்சம் ரூட்” என்று வழிகாட்டியிடம் சொன்னார். அவன் அடுத்த தடவைக்குக் குறித்துக்கொண்டான்.

அந்த இடத்தில் உறைபனியை முழுக்கப் புரிந்துகொண்ட ஒரே சுற்றுலாப் பயணி மாப்பிள்ளைதான். கறுக்கப்போகும் காட்டைக் கண்ணால் ஒரு சுற்று அளந்தார். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினார். “உருளை ஏறும்டா. இருக்கற மூட்டையைக் கையை விட்டு எறக்காதே” என்று கடைக்கு உத்தரவு போட்டார். டூருக்குக் கட்டிய காசு அப்போதே வசூலாகிவிட்டது.

குளிரை விற்பது இந்த மலைக்குப் புதிதல்ல. 1821இல் பி.எஸ். வார்டு என்கிற வெள்ளைக்கார அதிகாரி அளந்து பார்த்தார். 1845இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் ஏறி வந்து பங்களா கட்டினார்கள். கீழே காய்ச்சலிலும் காலராவிலும் பிள்ளை குட்டிகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். உயிர் பிழைக்க ஏறினார்கள், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஏறியது யார் காலால்? மஞ்சலிலும் நாற்காலியிலும் உட்காரவைத்துக் கூலிகள் சுமந்தார்கள். 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் ஏரி கட்டினார். 1910களில் மேஜர் லா பெயரால் மோட்டார் சாலை வந்தது. வெள்ளைக்காரனுக்கு உடம்பு வலிக்கக் கூடாது என்று நினைத்த சர்க்கார், சுமந்தவன் தோளையும் அந்தச் சாலையால் கொஞ்சம் காப்பாற்றியது. சுதந்திரம் வந்தது. சாலையில்லாத ஊர்களில் டோலி அப்படியே இருந்தது. ஒரே வித்தியாசம்: அன்றைக்குச் சுமந்தவர்கள் கூலி வாங்கினார்கள், இன்றைக்குத் தங்கள் வீட்டு ஆளையே கூலியில்லாமல் சுமக்கிறார்கள்.

அப்படியொரு ஊருக்குத்தான் மூன்றாம் நாள் போனோம். வட்டக்கானலிலிருந்து இறங்கினால் வெள்ளகெவி. கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம். ஆனால் கீழே இறங்கிக் கும்பக்கரையைத் தொட்டால் அது தேனி மாவட்டம், ஆஸ்பத்திரிக்குப் பெரியகுளம். வரி ஒரு ஜில்லாவுக்கு, வலி இன்னொரு ஜில்லாவுக்கு. காப்பி, வாழை, பட்டர் ஃப்ரூட் விளைகிற ஊர். விளைந்ததைக் குதிரையும் மனிதரும் சுமக்க வேண்டும். தேர்தல் வந்தால் வாக்கு இயந்திரமும் அப்படித்தான் போகும். அந்த ஒரு நாள் மட்டும் பத்திரிகைகளில் படம் வரும். ‘ஜனநாயகத்தின் வலிமை’ என்று கீழே வாசகம். வலிமை யாருடையது என்று அந்தக் குதிரையைக் கேட்டால் தெரியும்.

ஊரெல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சாமிகள் குடியிருக்கும் ஊர். உள்ளே செருப்புப் போடும் வழக்கமில்லை. எங்கள் கோஷ்டி முனகியது. வழிகாட்டிப் பையன் சமாளித்தான்: “கைஸ், இது நம்ம பேக்கேஜ்ல இருக்கற பேர்ஃபுட் எக்ஸ்பீரியன்ஸ்.” அத்தனை முகமும் மலர்ந்தது. பேக்கேஜில் இருக்கிறதென்றால் கல் குத்தினாலும் இனிக்கும்.

திண்ணையில் ஓர் அப்பத்தா காப்பிக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். ஏழு செல்போன்கள் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றன. அனுமதி யாரும் கேட்கவில்லை. பாட்டியின் சுருக்கங்களுக்கு ‘ஆத்தென்டிக்’ என்று சான்று கிடைத்தது.

அண்டார்டிகா என்று ஒரு கண்டம் இருக்கிறது. 1966இல் லிண்ட்பிளாட் என்பவர் அங்கே சுற்றுலாக் கோஷ்டி கூட்டிப்போகத் தொடங்கினார். கப்பல் நடத்துகிறவர்கள் 1991இல் சங்கம் வைத்துச் சட்டதிட்டம் போட்டுக்கொண்டார்கள். ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. பெங்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பறவைக்கு வழி விட வேண்டும், அது மனிதனுக்கு விட வேண்டியதில்லை. குடிமக்களே இல்லாத கண்டத்தில் இத்தனை மரியாதை. கொடைக்கானல் மலைக்கு எத்தனை வண்டி ஏறலாம் என்று எண்ணுவதற்கே உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது: 2024 மே 7 முதல் இ-பாஸ்; அடுத்த வருஷக் கோடையில் வார நாளுக்கு 4,000 வண்டி, வாரக் கடைசிக்கு 6,000. வண்டிக்குக் கணக்கு வந்துவிட்டது. அப்பத்தாவுக்கு 5 மீட்டர் எப்போது வருமென்று தெரியவில்லை. அடுத்த பிறவியில் பெங்குவினாகப் பிறக்கச் சொல்லலாம்.

வெள்ளகெவியைத் தாண்டிக் கும்பக்கரைக்கு இறங்கும்போது பின்னாலிருந்து சத்தம் கேட்டது. “ஒதுங்குங்க, ஒதுங்குங்க.” நாலு பேர் ஒரு நீளக் கம்பைத் தோளில் வைத்து ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். கம்பில் கம்பளியைத் தூளிபோலக் கட்டியிருந்தார்கள். தூளிக்குள் ஒரு பெண். முகம் தெரியவில்லை, கம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. கூடவே ஒரு பையன் பிளாஸ்டிக் பையில் துணிமணிகளோடு ஓடி வந்தான்.

வழிகாட்டி விசில் ஊதி எங்களை இடது பக்கம் ஒதுக்கினான். அன்றைக்கு அந்த விசில் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. ஒதுங்கி நின்றபடியே பலர் படம் எடுத்தார்கள். தூளி போன பிறகு, கோஷ்டியில் நன்றாகப் படித்த ஒருவர் தாழ்ந்த குரலில் வழிகாட்டியைக் கேட்டார்: “இது நமக்காக ஏற்பாடு பண்ணினதா?”

அந்தக் கேள்வியில் எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன, நானும் அதே காசில் வந்தவன்தான். அவர் கெட்டவரும் அல்ல. மூன்று நாளாகக் குளிரும் பனியும் அட்டையும் வெறுங்காலும் எல்லாமே தனக்காக ஏற்பாடு செய்யப்பட்டவை என்று சொல்லப்பட்டு வந்த மனுஷர். ஒரு பெண்ணின் வலி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நாங்கள் ரசிக்க 9,500 கட்டிய தொலைவும், அந்தத் தூளியை ஓடவிட்ட தொலைவும் ஒன்றுதான். சாலை போடாமல் விட்டதால் விளைந்த சரக்கு. சர்க்கார் விளைவிக்கிறது, கம்பெனி கமிஷன் எடுக்கிறது, கழிவு ஊர்க்காரன் தலையில். எங்கள் மார்க்கெட் வியாபாரம்தான், தராசு மட்டும் இல்லை.

ஏன் சாலை இல்லை என்று கேட்டால் கோப்பு வரும். வனம் என்பார்கள். 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று என்பார்கள். காட்டெருமையின் வழித்தடத்தைப் பற்றி அதிகாரி உருகுவார். உருகட்டும், காடு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. காட்டைக் கிழித்து நாலு வழிச் சாலை கேட்டது யார்? 2006இன் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறது: பள்ளிக்கூடம், மருந்தகம், சாலை உள்பட 13 வகைக் காரியத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல் வெட்டி, கிராம சபை பரிந்துரைத்தால் வன நிலம் தரலாம். சட்டம் போட்டவனுக்குத் தூளி தெரிந்திருக்கிறது. கோப்பு வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியவில்லை. மலைச்சரிவில் சொகுசு விடுதிகள் முளைக்கிறபோது இதே காட்டெருமை எந்த வழியாகப் போயிற்றென்று யாரும் உருகிக் கேட்டதாக ஞாபகமில்லை.

குரங்கணியைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. காட்டுத் தீயில் மலையேற்றக் கோஷ்டிகள் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாண்டவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். அவர்களைப் பற்றிக் கேலி பேச நாக்கு வராது. அன்றைக்கு உள்ளூர்ச் சனங்களும்தான் மேலே ஓடினார்கள், கரிந்த உடம்புகளைப் போர்வையில் சுமந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளை இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்தது. பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலையும் கொடுத்தது. நல்லது, நல்லதென்றே சொல்கிறேன். ஆனால் பாருங்கள், நடக்க ஆசைப்படுகிறவனுக்கு 40 பாதையைக் கண்டுபிடித்துப் படம் போட்டு, எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரிக்கத் தெரிந்த சர்க்காருக்கு, நடக்க முடியாதவளுக்கு ஒரு பாதை போட எத்தனை தேர்தல் வேண்டியிருக்கிறது.

கும்பக்கரையில் வேன் காத்திருந்தது. அருவிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். ‘கடினமான பாதையை வெற்றிகரமாகக் கடந்தவர்’ என்று தங்க எழுத்து. எங்கள் மூட்டைகளையும் கூடாரத்தையும் சுமந்து இறங்கிய உள்ளூர்க்காரர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். அவருக்குச் சான்றிதழ் இல்லை. இருட்டுவதற்குள் அதே பாதையில் திரும்ப ஏற வேண்டியவர். கூலி எவ்வளவென்று கேட்டேன். சிரித்தார். “சோறு போட்டுட்டாங்கண்ணே. மிச்சத்தை அடுத்த டிரிப்புல சேத்துத் தர்றேன்னாங்க.” தூளியில் போன பெண்ணைக் கேட்டேன். ஜீப் கிடைத்துப் பெரியகுளம் போய்விட்டார்களாம். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில். கீழே எடை மிஷின். மலைமூட்டை இறங்கும்போதெல்லாம் வியாபாரிகளிடம் தன் கால்வலியைப் பற்றி ஒரு பாட்டம் சொல்கிறார். கழிவு மட்டும் பழையபடிதான் பிடிக்கிறார்.

அதற்கடுத்த ஐப்பசியில் அதே கம்பெனியிடமிருந்து மறுபடி செய்தி வந்தது. இந்தத் தடவை வாசகத்தை மாற்றியிருந்தார்கள். “சாலை வருவதற்குள் பார்த்துவிடுங்கள்! வெளியுலகம் தீண்டாத கடைசிக் கிராமம். 12 பேருக்கு மட்டும்.”

அன்று சாயங்காலம் அந்தச் சுமைக்காரர் கூப்பிட்டார். அவ்வப்போது சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று கூப்பிடுவார். காற்றுச் சத்தத்தில் பாதிதான் கேட்கும். என்ன சேதியென்றார். வாய் சும்மா இருக்காமல் அந்த விளம்பரத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், இல்லை திட்டுவார் என்று. கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.

“ரோடு எந்த மாசம் வருதுன்னு அதுல போட்டிருக்காங்களாண்ணே?”